வேல்ஸில் காட்டேஜ் எடுத்துத் தங்குவது: முன்பதிவு முதல் சாவி ஒப்படைப்பது வரை

லண்டன், பர்மிங்ஹாம் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து வேல்ஸில் காட்டேஜ் எடுப்பது இப்போது சகஜம். போன அன்றே எனக்கு வரும் போன்களும் சகஜம்தான். வெந்நீர் வரவில்லை, குக்கர் சூடாகவே மாட்டேன் என்கிறது, கடையெல்லாம் மூடிவிட்டார்கள். காட்டேஜில் வரவேற்பு மேசை கிடையாது. அந்த நேரத்தில் சரிசெய்யக்கூடியது கொஞ்சம்தான். பெரும்பாலானவை பல வாரங்களுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். அதனால் எதை எப்போது செய்வது என்ற வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் தேதி

வீட்டைப் பார்த்து மனதைப் பறிகொடுத்த பிறகு தேதியைத் தேடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. கோடை விடுமுறையில் பல வீடுகள் முழு வாரமாகத்தான் கிடைக்கும், அதுவும் வெள்ளி முதல் வெள்ளி அல்லது சனி முதல் சனி. நீங்கள் வியாழன் முதல் ஞாயிறு வரை லீவு போட்டுவிட்டுத் தேடினால் எதுவும் சிக்காது. பள்ளி விடுமுறைக்கு வெளியே வெள்ளி முதல் திங்கள், திங்கள் முதல் வெள்ளி என்று சின்னத் தங்கல்கள் திறக்கும்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் இல்லாதவர்கள் ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை உள்ள ஆறு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அதே வீடு மே நடுவிலோ செப்டம்பர் நடுவிலோ பாதி விலைக்குப் பக்கத்தில் கிடைக்கும்.

நவம்பர், பிப்ரவரியில் பேரம் பேசத் தயங்காதீர்கள். 2023 ஏப்ரலிலிருந்து வேல்ஸில் ஒரு விடுமுறை வீடு வணிக வரிக் கணக்கில் இருக்க வேண்டுமானால் ஆண்டுக்கு 182 இரவுகளாவது வாடகைக்குப் போயிருக்க வேண்டும். கோடையை மட்டும் வைத்து அந்த எண்ணிக்கையை எட்ட முடியாது. சும்மா கிடக்கும் வாரத்தைக் குறைத்துக் கொடுக்க உரிமையாளருக்கும் காரணம் இருக்கிறது.

2. அப்புறம் பகுதி

ஒரே காட்டேஜில் இருந்துகொண்டு வேல்ஸ் முழுவதையும் பார்த்துவிடலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். வடக்குக் கரையில் இருக்கும் லண்டட்னோவையும் தெற்கில் இருக்கும் கார்டிஃபையும் இணைக்கும் ஏ470 சாலையின் நீளம் ஏறக்குறைய 186 மைல். மோட்டார்வே என்றால் மூன்று மணி நேரம். இந்தச் சாலை மலையும் வளைவுமாக, டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு போவது. சாப்பிட நின்றால் ஒரு பகல் போய்விடும். ஆகவே ஒரு பகுதியை முடிவு செய்து, அதற்குள்ளேயே தங்குங்கள்.

மலை ஏற வேண்டுமா, வடமேற்கில் எரரி. கடற்கரை வேண்டுமா, தென்மேற்கில் பெம்புரோக்‌ஷயர். குறைந்த தூரம் வேண்டுமா, தெற்கே பன்னை ப்ரைகைனியோக். லண்டனிலிருந்து ப்ரெக்கன் நிற்காமல் போனால் மூன்றரை மணி நேரம். மற்ற இரண்டும் ஐந்து மணி நேரத்தை ஒட்டி வரும். எரரி, பன்னை ப்ரைகைனியோக் ஆகிய பெயர்களில் தேடிவிட்டு, ஸ்னோடோனியா, ப்ரெக்கன் பீக்கன்ஸ் என்ற பழைய பெயர்களிலும் தேடுங்கள். விளம்பரங்களில் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

கார் இல்லாதவர்கள் பண்ணை வீட்டை மறந்துவிட்டு ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் எடுங்கள். லண்டட்னோ ஜங்ஷனிலிருந்து கிளம்பும் பாதையில் பெட்டுஸ்-அ-கோய்ட் இருக்கிறது. ஷ்ரூஸ்பரியிலிருந்து மேற்கே வரும் பாதையில் பார்மத், ஹார்லெக் இரண்டும் நல்ல ஊர்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு என்பதால் வந்து சேரும் நாளாக அதை வைக்க வேண்டாம்.

3. விளம்பரத்தைப் படித்துவிட்டுக் கேள்வி கேளுங்கள்

'8 பேர் தங்கலாம்' என்று போட்டிருந்தால் படுக்கைகளை நீங்களே எண்ணுங்கள். அந்த 8 பேரில் இரண்டு பேர் கூடத்து சோபாவில் இருப்பார்கள். குளியலறை எங்கே என்று பாருங்கள். பழைய கல்வீடுகளில் படுக்கையறை மேலே, குளியலறை கீழே, நடுவில் செங்குத்தான குறுகல் படிக்கட்டு. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு இந்த ஒன்றே முடிவெடுக்கப் போதும். இரவில் இரண்டு முறை அந்தப் படியில் இறங்கச் சொல்ல முடியாது.

பணம் கட்டும் முன் உரிமையாளருக்கு ஒரு மெயில் போடுங்கள். நான் வழக்கமாகக் கேட்பவை:

அடுப்பு எந்த வகை? கேஸ், சாதாரண மின் அடுப்பு, இண்டக்‌ஷன், ஆகா மாதிரியான வார்ப்பிரும்பு அடுப்பு என நான்கும் வேல்ஸில் உண்டு. இண்டக்‌ஷன் என்றால் நம் வீட்டு அலுமினியக் குக்கர் வேலை செய்யாது. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் சூடாகும்.

வீட்டைச் சூடாக்குவது எது, அதற்கான செலவு வாடகையில் சேர்த்தியா? சில இடங்களில் மின்சாரத்துக்கு மீட்டர் பார்த்துத் தனியாக வாங்குவார்கள்.

படுக்கை விரிப்பு, துண்டு தருவார்களா? விரிப்பு உண்டு, துண்டு இல்லை என்பது அடிக்கடி நடப்பது.

கடைசி ஒரு மைல் எப்படிப்பட்ட பாதை? 7 இருக்கை வண்டி திரும்புமா? எத்தனை கார் நிறுத்தலாம்? மூன்று குடும்பம், மூன்று கார், இடம் இரண்டுக்குத்தான் என்பது வாசலில் போய்த் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

வைஃபை உண்டா, அந்த இடத்தில் எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறது? வீட்டைச் சுற்றி ஆடு மாடு மேய்கிறதா, சின்னப் பிள்ளைகள் ஓடினால் வேலி இருக்கிறதா, பக்கத்தில் ஓடை இருக்கிறதா?

பதில் எப்படி வருகிறது என்பதையும் கவனியுங்கள். இந்தக் கேள்விகளுக்கு ஒரு நாளில் விவரமாகப் பதில் போடுகிறவர், நடுராத்திரி பாய்லர் நின்றாலும் போனை எடுப்பார். 'எல்லாம் இருக்கு, கவலை வேண்டாம்' என்று மட்டும் பதில் வந்தால் நான் அடுத்த வீட்டைப் பார்ப்பேன்.

4. பணம் கட்டும்போது

முன்பணம் இப்போது, மீதி தங்கலுக்குச் சில வாரங்கள் முன்பு என்று பிரித்து வாங்குவார்கள். மீதி கட்டும் தேதியைப் போனில் நினைவூட்டலாகப் போட்டுவையுங்கள். தவறினால் ரத்து செய்யும் உரிமை அவர்களுக்கு இருக்கும். பயணக் காப்பீட்டையும் முன்பணம் கட்டிய அன்றே எடுத்துவிடுங்கள். இடையில் யாராவது உடம்பு முடியாமல் போய் ரத்து செய்ய நேர்ந்தால், அதற்கு முன்பே எடுத்த காப்பீடுதான் உதவும்.

கூட்டாகப் போகும்போது ஒருவர் பெயரில்தான் பதிவாகும், சேதத்துக்கான பிணைத்தொகையும் அவர் கார்டிலிருந்துதான் போகும். உடைந்தால் எப்படிப் பகிர்வது என்பதை வாட்ஸ்அப் குழுவில் முதலிலேயே எழுதிவிடுங்கள். திரும்பி வந்த பிறகு பேசினால் நட்புதான் உடையும்.

இன்னொன்று. 2025இல் வந்த சட்டப்படி, விரும்பும் உள்ளாட்சிகள் 2027 முதல் தங்குபவர்களிடம் ஆளுக்கு ஓர் இரவுக்கு 1.30 பவுண்டு வசூலிக்கலாம். நீங்கள் போகும் பகுதியில் அது உண்டா, சொன்ன விலையில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

5. கிளம்புவதற்கு முந்தைய வாரம்

வழிக்குறிப்பைத் தாளில் எடுங்கள். வேல்ஸ் கிராமத்தில் ஒரே அஞ்சல் குறியீட்டுக்குள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் பல பண்ணைகள் இருக்கும். அதை மட்டும் போட்டால் யாரோ ஒருவரின் மாட்டுக்கொட்டகை முன்னால் போய் நிற்பீர்கள். உரிமையாளர் அனுப்பும் குறிப்பில் 'சிவப்பு தபால் பெட்டி தாண்டி இடது' என்று இருக்கும். அதுதான் சரியான வழி. போன் வரைபடத்தை அந்தப் பகுதிக்கு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வைஃபை வழியாகப் பேசும் வசதியையும் வீட்டிலேயே போட்டுவிடுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லாதபோது அந்த வசதியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மளிகைக்கு இரண்டு வழி. பெரிய சூப்பர் மார்க்கெட்டில் காட்டேஜ் முகவரிக்கே டெலிவரி போடலாம். கோடையில் நேரம் கிடைப்பது கஷ்டம் என்பதால் இரண்டு மூன்று வாரம் முன்பே பிடிக்க வேண்டும். இல்லையென்றால் வழியில் உள்ள கடைசிப் பெரிய ஊரில் வாங்கிவிடுங்கள். எரரியின் தென்மேற்கே தங்குபவர்களுக்குப் போர்த்மடாக், வடக்கே பேங்கர். அதற்கப்புறம் கோ-ஆப், ஸ்பார் போன்ற சின்னக் கடைகள்தான். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் காலை 10 முதல் மாலை 6க்குள் ஆறு மணி நேரம் மட்டுமே திறக்கலாம் என்பது சட்டம். சனி இரவு போய்ச் சேர்ந்து ஞாயிறு மாலை கடைக்குக் கிளம்புகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

கறிவேப்பிலை, புளி, பருப்பு, நம் அரிசி எதுவும் அங்கே கிடைக்கும் என்று நம்பாதீர்கள். மசாலாவை அளந்து சின்ன டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். இட்லி மாவு கொண்டுபோனால் வீட்டிலேயே புளிக்க வைத்து எடுத்துப் போங்கள். தடித்த கல்சுவர் வீட்டில் அது மறுநாளும் அப்படியே கிடக்கும். நல்ல கத்தி ஒன்று அவசியம். காட்டேஜ் கத்திகளில் தக்காளிகூட நறுக்க முடியாது.

6. போகும் வழி

இருட்டுவதற்குள் போய்ச் சேருவது மாதிரி கிளம்புங்கள். தெருவிளக்கு இல்லாத பாதையில் கேட்டையும் சாவிப்பெட்டியையும் தேடுவது பெரிய அவஸ்தை. வழக்கமாக மாலை 4 மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள், அதற்கு முன்னால் சுத்தம் செய்துகொண்டிருப்பார்கள்.

2023 செப்டம்பர் 17 முதல் வேல்ஸில் தெருவிளக்கு உள்ள குடியிருப்புச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு 20 மைல். இங்கிலாந்தின் 30 பழக்கத்தில் போனால் அபராதம் வீடு தேடி வரும். சாலையில் 'ARAF' (அராவ்) என்று வெள்ளையில் எழுதியிருந்தால் மெதுவாகப் போங்கள்.

ஒற்றைத் தடப் பாதையில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் உங்கள் இடது பக்கம் இருந்தால் அதற்குள் போங்கள். வலது பக்கம் இருந்தால் அதற்கு நேரே நின்று அவரை அதில் ஒதுங்க விடுங்கள். மேட்டில் ஏறி வருபவருக்கு வழிவிடுவது முறை. ஒதுங்குமிடம் உங்களுக்குத்தான் பக்கம் என்றால் நீங்கள்தான் பின்னால் எடுக்க வேண்டும், எதிரே இருப்பவர் டிராக்டர்காரர் என்றால் அவர் கண்டிப்பாக எடுக்க மாட்டார். ரிவர்ஸ் நன்றாக வருகிறவர் கையில் கடைசி மைலுக்கு வண்டியைக் கொடுங்கள். ஒதுங்குமிடத்தில் மட்டும் காரை நிறுத்திவிட்டுப் போட்டோ எடுக்கப் போகாதீர்கள்.

7. உள்ளே நுழைந்ததும்

பெட்டிகளை இறக்குவதற்கு முன் ஒருவர் வீட்டுக் கோப்பை எடுத்துப் படிக்க வேண்டும். மேசை மேல் ஒரு ஃபைல் இருக்கும். பாய்லர், குப்பை, அவசர எண் எல்லாம் அதில் உண்டு.

முதலில் ஹீட்டிங்கைப் போடுங்கள். கல்சுவர் சூடேற மணிக்கணக்கில் ஆகும். குளிர்காலம் என்றால் முந்தின நாளே போட்டுவைக்கச் சொல்லி உரிமையாளருக்கு எழுதியிருக்க வேண்டும். இரவு மின்சாரத்தில் வெப்பத்தைச் சேமித்துப் பகலில் விடும் ஸ்டோரேஜ் ஹீட்டர் இருந்தால் அதில் இரண்டு குமிழ்கள் உண்டு. உள்வாங்கும் குமிழை இன்று திருகினால் நாளைதான் பலன் தெரியும். அது புரியாமல் மாற்றி மாற்றித் திருகி, வாரம் முழுக்கக் குளிரில் இருந்தவர்கள் உண்டு.

அடுத்து வெந்நீர். தொட்டித் தண்ணீரைச் சூடாக்கும் இம்மர்ஷன் சுவிட்ச் பெரும்பாலும் துண்டு வைக்கும் அலமாரிக்குள் இருக்கும். தொட்டி அளவுக்குத்தான் வெந்நீர். 8 பேர் வரிசையாகக் குளித்தால் ஐந்தாவது ஆள் கத்துவார். காலையும் மாலையுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

என்னவென்று தெரியாத சுவிட்சை அணைக்காதீர்கள். ஊர்க் குழாய் வராத பண்ணை வீடுகளில் ஊற்றிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ தண்ணீர் வரும், அதைப் புற ஊதா விளக்கு ஒன்று கிருமி நீக்கிக்கொண்டிருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து அதை அணைத்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. விளக்கு எரியவில்லை என்றால் கொதிக்க வைத்துக் குடியுங்கள், உரிமையாளரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே உடைந்தது, கறைபட்டது எதையாவது பார்த்தால் போட்டோ எடுத்து அன்றே அனுப்பிவிடுங்கள்.

8. லாக் பர்னர்

விறகு எரித்து அறையைச் சூடாக்கும் கதவு வைத்த அடுப்பு இது. எல்லாரும் ஆசைப்படுவது இதற்குத்தான், புகை கிளம்புவதும் இதனால்தான். காற்றுத் துளைகளை முழுக்கத் திறங்கள். இரண்டு கட்டையை அடியில் வைத்து, மேலே சுள்ளி, அதற்கு மேல் பற்றவைக்கும் கட்டி. மேலிருந்து கீழே எரிய விட்டால் புகைபோக்கி முதலில் சூடாகும். சூடான குழாய்தான் புகையை மேலே இழுக்கும். முதல் சில நிமிடம் கதவை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். தீ நன்றாகப் பிடித்ததும் கதவைச் சாத்திவிட்டுக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று சத்தம் வரும். ஈரக் கட்டை மந்தமாகத் தட்டும். வெளியே மழையில் நனைந்து கிடக்கும் கிளையைப் பொறுக்கி வந்து போடாதீர்கள். கண்ணாடி கறுத்துப்போகும், குழாயில் தார் படியும். ராத்திரி முழுக்கக் கனன்று கொண்டிருக்கட்டும் என்று காற்றை அடைத்துவிட்டுத் தூங்கப் போவதும் அதே விளைவுதான், ஆபத்தும்கூட. கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தால் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும்.

சாம்பல் ஒரு நாள் கழித்தும் உள்ளே கனன்று கொண்டிருக்கும். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டினால் தொட்டி உருகும். அதற்கென்று இரும்பு வாளி வைத்திருப்பார்கள்.

9. சமையலும் கழிவும்

தாளிக்கும்போது காய்ந்த மிளகாய் போட்டால் அலாரம் அலறுவது உறுதி. அலாரத்தின் பேட்டரியைக் கழற்ற வேண்டாம். சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, உறிஞ்சியைப் போட்டுவிட்டு அப்புறம் எண்ணெய் வையுங்கள். கண்ணாடி அடுப்பின் மேல் இரும்பு தோசைக்கல்லை இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள். கீறலுக்குப் பிணைத்தொகை போகும்.

மஞ்சள்தூள் இன்னொரு எதிரி. வெள்ளை மேசைப் பரப்பிலும் மரக்கரண்டியிலும் ஒட்டினால் போகாது. சிந்தியதும் துடையுங்கள், அவர்கள் வைத்திருக்கும் வெள்ளைத் துண்டால் துடைக்காதீர்கள். தலைக்கு எண்ணெய் வைப்பவர்கள் பழைய தலையணை உறை ஒன்றைக் கொண்டுபோவது நல்லது.

கிராமத்து வீடுகளில் பல செப்டிக் டேங்கை நம்பியவை. தொட்டிக்குள் இருக்கும் பாக்டீரியாதான் கழிவைக் கரைக்கிறது. பிளீச் ஊற்றினால் அது சாகும், ஈரத் துடைப்பான் போட்டால் குழாய் அடைக்கும். வடை பொரித்த எண்ணெயை ஆறவைத்துப் பாட்டிலில் பிடித்துவையுங்கள். சிங்க்கில் ஊற்றினால் குளிரில் உறைந்து அடுத்த வளைவிலேயே நிற்கும்.

குப்பை விஷயத்தில் வேல்ஸ் கறார். 2024 ஏப்ரல் 6 முதல் விடுமுறை வீடுகள் உள்ளிட்ட தொழில்கள் உணவுக் கழிவு, காகிதம், கண்ணாடி, உலோகம் பிளாஸ்டிக் என்று பிரித்துத்தான் போட வேண்டும். முதல் நாளே எந்தத் தொட்டி எதற்கு என்று பார்த்து, பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டால் கடைசி நாள் மூட்டையைக் கொட்டிப் பொறுக்க வேண்டியிருக்காது.

10. வெளியே போகும்போது

வயல் கேட் திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் கடந்ததும் மூடுங்கள். 'பாவம், மறந்துவிட்டார்கள்' என்று நீங்களாக மூடினால் அந்தப் பக்கம் ஆடுகளுக்குத் தண்ணீர் இல்லாமல் போகலாம். வசந்தத்தில் குட்டி ஈனும் காலம். குட்டியைத் தூக்கிப் போட்டோ எடுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள்.

1,085 மீட்டர் உயரமுள்ள ஸ்னோடன் ஏறுகிறவர்கள் பென்-அ-பாஸ் கார் நிறுத்துமிடத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கிடைக்காவிட்டால் கீழே நிறுத்திவிட்டு ஷெர்பா பேருந்தில் போகலாம். சாலையோரத்தில் விட்டுவிட்டுப் போனால் வண்டியை இழுத்துப் போவார்கள்.

மலையில் ஆபத்து என்றால் 999 அழைத்து முதலில் போலீஸ், அப்புறம் மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும்; கரையோரம் என்றால் கோஸ்ட்கார்ட். உடம்புக்கு முடியவில்லை, ஆனால் அவசரம் இல்லை என்றால் 111. வடமேற்கில் இருப்பவர்களுக்கு அவசரப் பிரிவுள்ள மருத்துவமனை பேங்கரில், நடு வேல்ஸின் மேற்குக்கு அபெரிஸ்ட்வித்தில். வீட்டு முகவரியையும் வரைபடக் குறியீட்டையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். பதற்றத்தில் வெல்ஷ் பண்ணைப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல யாருக்கும் வராது.

11. கிளம்பும் நாள்

காலை 10 மணிக்கு வெளியே இருக்க வேண்டும் என்றால் வேலை முந்தின இரவே தொடங்குகிறது. ஃபிரிட்ஜைக் காலி செய்யுங்கள், குப்பையைத் தொட்டிகளில் சேருங்கள், பாத்திரம் கழுவும் இயந்திரத்தை ஓடவிட்டுத் தூங்குங்கள். அன்று இரவு லாக் பர்னர் வேண்டாம், காலையில் சூட்டோடு சாம்பலை யாரும் அள்ள முடியாது.

விரிப்புகளைக் கழற்றிப் போட வேண்டுமா என்பதை ஃபைலில் பாருங்கள், சிலர் அப்படியே விடச் சொல்வார்கள். ஜன்னல்களை அரை மணி நேரம் திறந்து வைத்தால் மசாலா வாசனை போய்விடும். சார்ஜர், குளியலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் துணி, ஃபிரீசர், அலமாரியில் விட்ட மசாலா டப்பா என்று ஒருவர் மட்டும் அறை அறையாகப் பார்க்கட்டும். எல்லாரும் பார்த்தால் யாரும் பார்த்ததாகாது.

ஏதாவது உடைந்திருந்தால் கிளம்பும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரு டம்ளருக்கு யாரும் காசு கேட்பதில்லை. சொல்லாமல் விட்ட டம்ளருக்குக் கேட்பார்கள். சாவியைப் பெட்டிக்குள் வைத்து, எண்களைக் கலைத்துவிட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறுங்கள்.